பெயர் பிறகு சொல்லப்படும்

ஹால்வர்சன் பவுலிங் கூடம்,
எல்டர் க்ரீக், விஸ்கான்சின்.
ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை.

லேக்பரோ ஹெரான்ஸ் பேஸ்பால் அணியின் பொது மேலாளர், உயர்திரு ஃபிலிப் ஆஷ்கிராஃப்ட் அவர்களின் மேலான கவனத்திற்கு,

எல்டர் க்ரீக் வெர்னன் ஹால்வர்சன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி மார்லிஸும் எங்கள் கூடத்தின் எட்டுத் தடங்களும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், முக்கியமாகத் தங்கள் பந்துவீச்சாளர்கள் அனைவரின் முழங்கைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை.

நான் ட்ரெவரின் அப்பா. தங்கள் கிளை அணியில் வீசும் இடதுகைப் பையன். தங்களிடம் இடதுகைப் பையன்கள் நிறைய இருக்கலாம். எங்களிடம் இருப்பது ஒருவன்தான். நேற்று மாலை தாங்கள் அனுப்பிய திரு. லோவல் பைக் அவர்களிடம் இவனைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பொய். கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், குறைத்துச் சொன்னேன் என்பதெல்லாம் இல்லை. முழுப் பொய், பச்சைப் பொய், ஒரு மனிதன் வறுத்த மீன் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொல்லக்கூடிய அத்தனை பொய். ஏன் சொன்னேன் என்று தாங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு பாதி தங்களுடையது.

நவம்பரில் தாங்கள் மேற்குக் கடற்கரை ஸ்டீமர்ஸ் அணியிடமிருந்து ராய் டூசன்பெரி என்ற மூத்த வீச்சாளரை வாங்கினீர்கள். நல்ல மனிதர், நல்ல தாடி. கடைசி நேரத்தில் வந்து ஆட்டத்தை முடித்துவைப்பார் என்றார்கள். அவர் முடித்துவைத்த ஆட்டங்களில் சிலவற்றை நானும் பார்த்திருக்கிறேன், எதிரணிக்குச் சாதகமாகத்தான் முடித்துவைத்தார், அது போகட்டும். அவருக்குப் பதிலாகத் தாங்கள் கொடுத்தது என்ன? 'பெயர் பிறகு அறிவிக்கப்படும் ஆட்டக்காரர் ஒருவர்.' தங்கள் கிளை அணிப் பையன்களில் சிலரைக் குறித்துக் கொடுத்துவிடுவீர்களாம், ஸ்டீமர்ஸ்காரர்கள் சாவகாசமாக ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பார்த்து, பிடித்தவனை எடுத்துக்கொள்வார்களாம். இந்த விளையாட்டில் இது காலங்காலமாக நடப்பதுதான். மற்றவர்கள் பிள்ளையைப் பெயரில்லாமல் கொடுத்தபோதெல்லாம் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டோம், மாப்பிள்ளை யாரென்று பிறகு சொல்கிறோம் என்று தங்கள் பெண்ணிடம் சொன்னால் தாங்கள் தூங்குவீர்களா? அன்றிலிருந்து நான் தூங்கவில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு ரொம்ப எளியது. ஹெரான்ஸ் மைதானம் எங்களுக்குப் பக்கம். மதிய ஆட்டமென்றால் பார்த்துவிட்டு வந்து இரவு கூடத்துச் சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்கலாம். ட்ரெவர் என்றைக்காவது ஒருநாள் பெரிய அணிக்காகப் பந்துவீசும் மேடேறினால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது என்று அவன் சின்னப் பள்ளியில் படிக்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். ஸ்டீமர்ஸ் விளையாடுவது எங்கோ கடலோரத்தில். அங்கே அவர்கள் ஆட்டம் தொடங்கும்போது இங்கே நாங்கள் நாற்காலிகளைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் படுக்கப் போயிருப்போம்.

இதற்கு நடுவில் தங்கள் பயிற்சியாளர் டேனா க்விக்லி அம்மையார் அரிசோனாவிலிருந்து பையனுக்குக் குளிர்காலப் பாடம் அனுப்பினார். உடம்பில் எடை ஏற்ற வேண்டும், புதிதாக ஒரு வகைப் பந்து வீசக் கற்க வேண்டும். எடையை மார்லிஸ் ஏற்றுக்கொண்டாள். அவள் உருளைக்கிழங்கில் ஊற்றும் பாலாடைக்கட்டியைப் பார்த்தால் தங்களுக்கே எடை ஏறும். பந்து என் தலையில் விழுந்தது. நான் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பவுலிங் தடத்தின் நீளமும் வீச்சாளன் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடவுள் இரண்டு விளையாட்டையும் ஒரே மூச்சில் படைத்திருக்க வேண்டும். எனவே தினமும் காலையில் எட்டாம் தடத்தின் இந்த முனையில் அவன், அந்த முனையில் பவுலிங் கட்டைகளுக்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் கையுறையோடு நான். கைபேசியை ஷூ அலமாரியில் சாய்த்து வைத்திருப்போம், அதிலிருந்து டேனா அம்மையார் குரல் கொடுப்பார்.

"ட்ரெவர், கை வேகத்தைக் குறைக்காத! மிஸ்டர் ஹால்வர்சன், கண்ணை மூடாதீங்க!"

"நான் மூடலம்மா, அதுவா மூடிக்குது."

அந்தப் பந்தின் விசேஷம் என்னவென்றால் கை மின்னல் மாதிரி வருகிறது, பந்து மட்டும் வழியில் யாரிடமோ பேசிக்கொண்டு நின்றுவிடுகிறது. நான் கையுறையை மூடிவிடுவேன், வெறும் காற்று இருக்கும், அப்பாடா என்று மூச்சு விடுவேன், அப்போது வந்து விலாவில் இறங்கும். என்னைத் தாண்டிப் போனது ஒன்று பின்னால் ஏழு கட்டைகளைச் சாய்த்தது. புள்ளி எழுதும் இயந்திரம் அதை என் பெயரில் எழுதிக்கொண்டது. பந்து கைக்குப் பழக வேண்டும், எந்நேரமும் அதே பிடியில் வைத்திரு என்று அம்மையார் சொல்லியிருந்ததால் பையன் சாப்பிடும்போதும் பந்து, தேவாலயத்தில் பாட்டுப் பாடும்போதும் பந்து. பழைய தபால்காரர் டாலெஃப்சனின் இறுதிச் சடங்குக்கும் பந்தோடுதான் வந்தான். அது வழுக்கி விழுந்து உருண்டு சவப்பெட்டிக்கு அடியில் போய் நின்றது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பாதிரியாரே குனிந்து எடுத்துக் கொடுத்தார், கொடுக்கும்போது, "தையல்மேல எத்தனை விரல் வெக்கிற, தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நேற்று வெள்ளிக்கிழமை, எங்கள் கூடத்தில் வாராவாரம் நடக்கும் மீன் வறுவல் விருந்துக் கூட்டத்துக்கு நடுவே, தங்கள் பைக் வந்து நின்றார். ஐயா, தாங்களே யோசித்துப் பாருங்கள். ஜனவரி மாதம். எல்டர் க்ரீக்கில் எல்லோர் முகமும் வேகவைத்த முட்டைக்கோஸ் நிறத்தில் இருக்கிறது. இந்த மனிதர் முகம் வெயிலில் வெந்து, மூக்குத் தோல் உரிந்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாக வருகிறார். பிராந்தி வேண்டாம், தண்ணீர் போதும் என்கிறார். பொரித்த பாலாடைக்கட்டியைப் பார்த்து, "இதுல என்னங்க இருக்கு?" என்று கேட்கிறார். கடலோரத்து ஆள் என்று எனக்குப் பொறிதட்டிவிட்டது. "உங்க பையனைப் பாக்க வந்திருக்கேன்" என்று அவர் சொன்னதும் சந்தேகமே இல்லை. எந்த அணி என்று கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று என் சாமர்த்தியம் தடுத்துவிட்டது.

உடனே சமையலறைக்குள் ஓடி, மீன் தீர்ந்துபோச்சு என்று சொல்லி ட்ரெவரை வண்டியில் பக்கத்து ஊருக்கு விரட்டினேன். மார்லிஸ் நிறைந்து வழியும் மீன் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, இன்று எட்டுத் தடமும் எல்லோருக்கும் இலவசம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். வீசிக் காட்ட இடம் இருக்கக்கூடாது அல்லவா? ஊரே எழுந்து பவுலிங் ஷூ மாற்றப் போனது. அப்புறம் தட்டும் கையுமாகத் தங்கள் ஆள் எதிரில் நின்றுகொண்டேன்.

"பையன் தோள் எப்படிங்க இருக்கு?" என்றார்.

"அதையேன் கேக்கறீங்க, கையத் தூக்கினாலே கடக்குன்னு சத்தம். சோளம் பொரியுதுன்னு நெனச்சு கஸ்டமருங்க வந்து பொட்டலம் கேக்கறாங்க."

"புதுப் பந்து பழகுறதா கேள்விப்பட்டேனே?"

"பழகுறான். பந்து எங்க போகுதுன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெயில் வேற சுத்தமா ஆகாது, அஞ்சு நிமிஷம் நின்னா மயக்கம் போட்டுருவான். கூட்டத்தக் கண்டா வயித்தால போகும். அதவிடுங்க, அம்மா அப்பாவ விட்டுட்டு தூரமா போனா ராத்திரியெல்லாம் அழறான். பேஸ்பால விட்டுட்டு குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் படிக்கலாமான்னு யோசிக்கிறான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே மீனைச் சாப்பிட்டார். ரொம்ப நேரம் தடம் காலியாகும் என்று காத்திருந்துவிட்டு, பனி கொட்டத் தொடங்கியதும் கை குலுக்கிப் புறப்பட்டார். "மனசத் தளரவிடாதீங்க" என்று வேறு சொன்னார். ஸ்டீமர்ஸ்காரனை விரட்டியடித்த சந்தோஷத்தில் நான் பிராந்தியில் இரண்டு செர்ரிப் பழம் போட்டுக்கொண்டேன்.

இன்று காலை டேனா அம்மையார் அழைத்தார். குரலே சரியில்லை.

"மிஸ்டர் ஹால்வர்சன், என்ன சொன்னீங்க எங்க பைக்குகிட்ட?"

"எங்க பைக்கா?"

திரு. பைக் தங்கள் ஆள்தானாம். குளிர்காலம் முழுக்க டொமினிகன் நாட்டில் பையன்களைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தாராம், முகம் வெந்தது அந்த ஊர் வெயிலிலாம். பெரிய அணியின் நாற்பது பேர் பட்டியலில் ட்ரெவரைச் சேர்ப்பதா என்று முடிவுசெய்ய வந்தவராம். சேர்த்துவிட்டால் வேறு யாரும் தொட முடியாதாம். அவர் எழுதிய அறிக்கையை டேனா அம்மையார் படித்துக் காட்டினார். 'தோள் தேறாது. மனத்திடம் இல்லை. சொந்தத் தகப்பனுக்கே நம்பிக்கை இல்லை. மீன் அருமை.'

நான் பேசி முடித்ததும் மார்லிஸ் அடுப்படியிலிருந்து வந்தாள். "வெர்ன், உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? யார் என்னன்னு கேக்க மாட்டியா? சரி, மத்ததெல்லாம் விடு. தூரமா போனா ராத்திரியெல்லாம் அழறான்னு சொன்னியாமே. இந்த வீட்டுல அழறது யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்கு அவசரமாக வெங்காயம் நறுக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஐயா, கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அவன் தோளில் சத்தமே கிடையாது. வெயிலில் நாள்பூரா நிற்பான். கூட்டத்தைக் கண்டால் அவனுக்குப் பசிதான் எடுக்கும். அந்தப் புதுப் பந்து எங்கே போகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. சந்தேகமிருந்தால் என் விலா எலும்புகளைப் படம் பிடித்து அனுப்பத் தயார். இவ்வளவு நல்ல இடதுகை தங்களுக்கு இனி வாய்க்காது. தயவுசெய்து அவனைப் பட்டியலில் சேர்த்து, ஹெரான்ஸிலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பெயரில்லாத ஆட்டக்காரருக்கு வேறு யாருடைய பெயரையாவது வைத்துவிடவும். திரு. பைக் அவர்களுக்கு என் மன்னிப்பும், எந்த வெள்ளிக்கிழமை வந்தாலும் இலவச மீனும்.

தங்கள் இல்லத்தில் எல்லா நலனும் பெருகவும், டூசன்பெரியின் முதுகுப் பிடிப்பு விலகவும் வாழ்த்தி, மார்லிஸின் அன்பையும் சேர்த்து அனுப்பும்,

தங்கள் பணிவுள்ள,
வெர்னன் ஹால்வர்சன்

பின்குறிப்பு: உறைக்குள் போடும் நேரத்தில் ட்ரெவர் வந்து, கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்பா, இத அனுப்பாதீங்க."

"ஏன்டா?"

"ஹெரான்ஸ்ல எனக்கு முன்னால அஞ்சு இடதுகைக்காரங்க வரிசையில நிக்கிறாங்க. பட்டியல்ல சேத்தாலும் கிளை அணியிலயே கெடந்து கெழவனாயிருவேன். ஸ்டீமர்ஸ்ல இருக்குறது ஒருத்தன், அவனுக்கும் முழங்கையில ஆபரேஷன். அங்க போனா கோடைக்குள்ள மேடேறிருவேன். அந்தப் பேரு என் பேரா இருக்கணும்னு நவம்பர்லேருந்து வேண்டிக்கிட்டிருக்கேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"எப்டிப்பா சொல்றது? தினமும் வாளிமேல உக்காந்துகிட்டு, என் பந்த வாங்கி நெஞ்சத் தடவிகிட்டே, மூணாவது வரிசை, மூணாவது வரிசைன்னு பேசிட்டிருந்தீங்க."

எனவே ஐயா, மேலே கண்டவற்றைத் தாங்கள் நம்ப வேண்டாம். திரு. பைக் எழுதியதுதான் சத்தியம். தோள் சத்தம் இப்போதுகூட அடுப்படிவரை கேட்கிறது. அவர் அறிக்கையைத் தாங்கள் வைத்துக்கொண்டு, இந்தக் கடிதத்தை மட்டும் ஸ்டீமர்ஸ் மேலாளருக்கு அனுப்பிவைக்கவும். அவர் விலாசம் என்னிடம் இல்லை. அவர்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று வண்டியிலுள்ள சாலை வரைபடப் புத்தகத்தில் பார்த்தேன். எங்கள் ஊர் இருக்கும் பக்கத்தில் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. நிறையப் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, திருப்பிய ஒவ்வொரு பக்கத்தின் முனையையும் மடித்துக்கொண்டே வந்தாள்.