எண்ணெய் குறையாத புகை

காரின் பின்பாதி காணாமற்போயிருந்தது.

பத்மநாதன் கண்ணாடியில் மீண்டும் பார்த்தார். நீலப் புகை. பின்னால் சிவப்பு விளக்குக்கு நின்ற ஸ்கூட்டர்க்காரர் இருமுவது கேட்டது. ஆள் தெரியவில்லை.

பின் ஆசனத்தில் முதலாளியம்மா, எண்பத்து நான்கு வயது சின்யோரா கிளறா, கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்திருந்தார்.

"மருந்து ஊத்தினீரோ?" என்று கேட்டார்.

"ஓம் சின்யோரா. ஒரு கோப்பிக் கோப்பை."

"நல்லது." சின்யோரா தன் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

கார் 1961இல் செய்தது. கறுப்பு நிறம், நீண்ட மூக்கு, தோல் ஆசனங்கள். சின்யோராவின் காலஞ்சென்ற கணவர் ஆசையாக வாங்கியது. ஒன்பது வருடங்களாக அதை ஓட்டுபவர் அழகரத்தினம், பத்மநாதனுடைய மனைவியின் தம்பி. காணி உறுதி அலுவலாக அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். இத்தாலியில், பலேர்மோத் தமிழரில் ஒருவர் ஊருக்குப் போனால் உறவினர் ஒருவர் அந்த வேலையைப் பிடித்து வைத்திருப்பார். திரும்பி வரும்போது வேலை கொடுத்தபடியே கைக்கு வரவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அழகரத்தினம் ஒரு கொப்பித்தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார். சின்யோரா விழுங்கும் குளிசைகள், பூச்சாடிகள், சனிக்கிழமை மொண்டெல்லோக் கடற்கரைப் பயணம். "சனி காலமை, கார் எடுக்க முதல், பச்சைப் போத்தில் மருந்தில் ஒரு கோப்பிக் கோப்பை பெற்றோல் தாங்கிக்குள். ஒண்டையும் மாத்த வேண்டாம். ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம்." கடைசி வரி தன்னைக் குறித்தே எழுதப்பட்டது என்று பத்மநாதனுக்குப் பட்டது. ஆனாலும் பட்டியல் பட்டியல்தான்.

புகை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மொண்டெல்லோவில் சாப்பாட்டுக்கடை வாசலில் சின்யோராவின் மகன் கலோஜெரோ நின்றார். சட்டத்தரணி. சனிக்கிழமைகளில் தாயோடு மதியம் சாப்பிடுவார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னும் புகைக்குதோ? மாசக் கடைசிச் சனி நாப்போலியிலையிருந்து ஒருத்தர் கப்பலிலை வாறார். பழைய கார்களைக் கரைச்சுக் குடிச்சவர். அண்டைக்கும் புகைச்சால் கதை முடிஞ்சுது."

பத்மநாதனுக்கு விளங்கிவிட்டது. அந்த ஆள் வந்து பார்த்து, பழைய இரும்புக்குப் போடச் சொல்வார். கார் இல்லாத வீட்டுக்குச் சாரதி எதற்கு? மச்சான் திரும்பி வரும்போது வேலை இராது.

மனைவி நாகபூசணிக்கும் அது உடனே விளங்கியது.

"என்ரை தம்பி ஒன்பது வரியமாக் காப்பாத்தின வேலையப்பா. நீங்கள் ஒரு கிழமையிலை புகைச்சுப் போட்டு நிக்கிறியள். அவனுக்கு ஒருக்கால் போன் எடுங்கோவன்."

"எடுத்து? குடுத்திட்டுப் போன காரைப் பழுதாக்கிப் போட்டன் எண்டு நானே சொல்லுறதோ? சண்டைக் காலத்திலை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை மொறிஸ் மைனர் கார் ஓட்டினவன் நான்."

"அதுவும் புகைச்சதுதானே?"

"அது நாட்டுப் பிரச்சினை."

அவர் முறைப்படி தொடங்கினார். எஞ்சின் எண்ணெய்க் கோலை இழுத்து, எண்ணெய் நின்ற மட்டத்தில் நாகபூசணியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஒரு கிழமை ஓடினார். மறுபடி இழுத்தார். எண்ணெய் கோட்டிலேயே நின்றது.

"நீலப் புகையெண்டால் எண்ணெய் எரியுது. எரிஞ்சால் குறைய வேணும். குறையேல்லை," என்று அன்றிரவு சாப்பிடும்போது சொன்னார்.

"அப்ப ஆரின்ரை எண்ணெய் எரியுது?"

"சோத்தைப் போடும்."

இரண்டாம் சனிக்கு முன் பிளக்குகளை மாற்றினார். பழையவை கறுத்து, ஈரமாக இருந்தன. அது எண்ணெய்க்கான அடையாளமேதான். பாதுகாப்புக்காக மருந்தும் இன்னொரு கோப்பை விட்டார். அன்று லிபெர்த்தா வீதியில் ஓர் அம்மா மாடியில் காயப்போட்ட விரிப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மூன்றாம் கிழமை மூன்று நாள் கராஜுக்குள்ளேயே கிடந்தார். எண்ணெய் கசியும் என்று வால்வு சீல்களை மாற்றினார். மூச்சுக் குழாயைக் கழற்றிக் கழுவினார். ஆறு சிலிண்டருக்கும் அமுக்கம் பார்த்தார். ஆறும் ஒரே அளவு காட்டின. இருபது வயதுப் பொடியன்களின் நெஞ்சு இப்படித்தான் இருக்கும்.

"இந்த எஞ்சினிலை ஒரு நோய் வருத்தமும் இல்லை," என்றார் மனைவியிடம்.

"அப்ப வருத்தம் ஓட்டுறவருக்கோ?"

அந்தச் சனி போத்திலில் மிஞ்சிய மருந்து முழுவதையும் ஊற்றினார். மொண்டெல்லோவில் போய் நின்றபோது சாப்பாட்டுக்கடைப் பரிசாரகர் தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்து கேட்காமலே நுரையடித்தார். காரின் பின்பக்கம் முழுதும் வெள்ளை. பத்மநாதனின் தோளிலும் கொஞ்சம். கலோஜெரோ தலையில் கைவைத்தார். சின்யோரா மட்டும் கைதட்டினார். வயதானால் எதற்கும் சிரிப்பு வரும் போலும் என்று பத்மநாதன் எண்ணிக்கொண்டார்.

அவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து யோசித்தார். எஞ்சின் எண்ணெய் குறையவில்லை. ஆனால் எண்ணெய் எரிகிறது. அப்படியென்றால் எண்ணெய் வேறு வழியால் வருகிறது. எஞ்சினுக்குள் வேறு என்ன போகிறது? காற்று. பெற்றோல்.

தாங்கியின் அடிமூடியைக் கழற்றி வந்ததை வாளியில் பிடித்தார். இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்தார். வழுக்கியது.

"கலப்படம்!" என்று காருக்கு அடியிலிருந்தே கத்தினார். "பெற்றோல்காரன் எண்ணெய் கலந்து விக்கிறான்!"

தாங்கியை வடித்து, கழுவி, நகரத்தின் மறுகோடியில் இருந்த வேறொரு நிலையத்தில் புதுப் பெற்றோல் நிரப்பினார். பச்சைப் போத்திலில் மருந்து ஒரு சொட்டும் இல்லை. பட்டியலை மீறுகிறோமே என்று நெஞ்சு உறுத்தியது. மச்சானிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எஞ்சினை முடுக்கினார்.

பூனை உறுமுவது போன்ற சத்தம். புகை இல்லை.

மறுநாள் நாப்போலிக்காரர் துறைமுகத்திலிருந்து நேரே வீட்டுக் கராஜுக்கு வந்தார். வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்துப் புகைக்குழாயின் வாயில் பிடித்து, அக்சிலேற்றரை மிதிக்கச் சொன்னார். பத்மநாதன் மிதித்தார். கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பி வந்தது. கலோஜெரோ பத்மநாதனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு அவரும் நாப்போலிக்காரரும் ஏதோ கதைத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனார்கள்.

சின்யோரா தடியூன்றிக் கராஜுக்குள் வந்தார். "மருந்து?"

பத்மநாதன் போத்திலைக் கவிழ்த்துக் காட்டினார். "இனி மருந்தே தேவையில்லை, சின்யோரா. நான் வருத்தத்தையே மாத்திப்போட்டன்."

சின்யோரா ஒரு பழைய டயரின் மேல் மெல்ல உட்கார்ந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். கண்கள் நிறைந்துவிட்டன. நன்றியுள்ள மனுசி என்று பத்மநாதனும் நெகிழ்ந்தார். இனிச் சொல்லாமலிருக்க ஒரு காரணமும் இல்லை. போனை எடுத்தார்.

"மச்சான், எங்கை நிக்கிறாய்?"

"உறுதி எழுதிற நொத்தாரிசு கந்தோரிலை அத்தான், வரிசையிலை. என்ன, சுகமோ?"

"உன்ரை வேலை பத்திரம். கார் பயங்கரமாப் புகைச்சது, உனக்குச் சொல்லேல்லை. இப்ப ஒரு பொட்டுப் புகை இல்லை!"

மறுமுனையில் யாரோ ஒருவரின் இலக்கத்தைக் கூப்பிடுவது கேட்டது.

"அத்தான்... மருந்து ஊத்திறனீங்களோ?"

"முடிஞ்சு போச்சு. அது இல்லாமலே பஞ்சு மாதிரி ஓடுது. நாப்போலியிலையிருந்து ஒருத்தர் வந்து வெள்ளை லேஞ்சியைப் பிடிச்சுப் பாத்தார். அப்பிடியே மயங்கிப் போனார்!"

அழகரத்தினம் குரலைத் தாழ்த்தினார்.

"அது மருந்தில்லை, அத்தான், எண்ணெய். காரை வாங்க மகன் கூட்டிவந்த பதினொரு பேரை நானும் சின்யோராவும் அந்தப் போத்திலாலைதான் திருப்பி அனுப்பினனாங்கள்."