எங்கள் வீட்டுக் கூரைமேல் காண்டாமிருகம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் சொல்லச் சொல்ல பக்கத்துவீட்டுத் தையல்காரர் எழுதும் கடிதம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது தாங்கள் அறிந்ததே. கல்யாணப் பேச்சு நடந்த அன்றே அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லிக் காட்டியவர் தாங்கள்தான். அன்று தாங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தீர்கள், இரண்டாவது பொத்தான் இல்லை. அதை விடுங்கள். இங்கே நான் சுகம், வீடும் இப்போது சுகம். அங்கே தாங்களும், மற்றவர்களும், தாங்கள் ஒரு மழை நாளில் வாங்கிக்கொண்டு போன என் குடையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

விஷயம் என்னவென்றால், தங்கள் தங்கையை வருகிற வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றி அனுப்பி வைக்க வேண்டும். நான் சண்டை போட்டுத் துரத்திவிட்டதாகத் தாங்கள் அங்கே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. காண்டாமிருகம்தான் காரணம். "வீட்டுச் சூடு ஆறினா சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பையை எடுத்தாள். ஆறிவிட்டது. எப்படி ஆறியது என்று சொல்லாவிட்டால் தாங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

வருடா வருடம் வெயில் ஏறிக்கொண்டே போகிறதே, இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நகராட்சியும் ஒரு பெயிண்ட் கம்பெனியும் கைகோத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தன. கூரைகளுக்கெல்லாம் வெள்ளை அடித்தால் வெயில் வந்த வழியே திரும்பிப் போய்விடுமாம், வீட்டுக்குள் ஃபேன் குறைவாக ஓடுமாம், கரண்ட் மிச்சமாகுமாம், அதனால் உலகத்துக்கே கொஞ்சம் நல்லதாம். பெயிண்ட் கம்பெனியுடையது, ஆளும் ஏணியும் நகராட்சியுடையது, கூரை எங்களுடையது. முதலில் கை தூக்கியவன் நான். பழைய சேர்மன் குழாய் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பள்ளம் மட்டும் தோண்டிவிட்டுப் போனது எனக்கு நினைவிருந்தும் தூக்கினேன், ஏனென்றால் இது கேட்க நியாயமாக இருந்தது. நியாயமாகத்தான் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தையல்காரர் வீட்டில் மத்தியானம் வெறும் தரையில் படுக்கலாம் என்ற நிலை வந்தது. முடிவெட்டுகிறவர் கடையில் வேலை இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கவில்லை.

ஆனால் கம்பெனிக்கு ஒரு ஆசை இருந்தது. தெருவை ஒட்டிப் புதுப் பாலம் போகிறதல்லவா, அதில் போகிறவர்களுக்கு எங்கள் கூரைகள் அப்படியே தெரியும். கம்பெனியின் சின்னம் கறுப்புக் காண்டாமிருகம். அதைக் கூரைகள்மேல் பெரிதாக வரைந்துகொள்ளலாம் என்று நகராட்சியோடு ஒப்பந்தம். கொம்பு தையல்காரர் கூரையில் ஒரு ஓரமாக விழுந்தது, வால் முடிவெட்டுகிறவர் கடைமேல் கோடு மாதிரி போனது, வயிறு முழுவதும் எங்கள் வீட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. தெருவே வெள்ளை, நான் மட்டும் கறுப்பு. தபால்காரர்கூட "வயித்து வீட்டுக்காரரா?" என்றுதான் கேட்கிறார். மச்சான், நான் முப்பது வருஷம் மில்லில் பாய்லர் பக்கத்தில் நின்றவன். அங்கே ஷிஃப்ட் முடிந்தால் வெளியே வந்துவிடலாம். இங்கே ஷிஃப்டே முடியவில்லை. தங்கள் தங்கை தண்ணீர்க் குடத்தைத் தொட்டுப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிளம்பிவிட்டாள்.

நகராட்சிக்குப் போனேன். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "பெரியவரே, வெள்ளைதான் எங்க பொறுப்பு. கறுப்பு கம்பெனி சமாச்சாரம்" என்றார். கம்பெனிக்குப் போனேன். அங்கே இருந்தவரும் நல்ல மனிதர், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். "படம் எங்களுதுதான் ஐயா, ஆனா கூரை நகராட்சித் திட்டத்துல இருக்கு. அவங்க சொல்லாம நாங்க ஒரு கோடு அழிக்க முடியாது" என்றார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியத்தில் குளிர்ச்சி இருவருக்கும் சொந்தமாம், சூடு மட்டும் எனக்குச் சொந்தமாம். இப்படியே அங்கும் இங்கும் நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் வேறு வழி தெரியாமல் மர ஏணியை வைத்து மேலே ஏறி, ஈரத்துணியை விரித்துவிட்டேன். பீரோவில் இருந்ததிலேயே கனமான துணி எது என்று பார்த்து எடுத்தேன். இறங்கும்போது ஏணியில் ஒரு படி உடைந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, தாங்கள் கேட்கமாட்டீர்கள் என்றாலும் சொல்லி வைக்கிறேன். மறுநாளே கம்பெனிக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். "ஐயா, பாலத்துல போறவங்க போன் மேல போன் போடுறாங்க. காண்டாமிருகத்துக்கு வயித்துல ஆபரேஷனான்னு கேக்குறாங்க." நான், "ஏறி எடுத்துக்கோங்க" என்றேன். என் ஏணி உடைந்திருந்தது. நகராட்சி ஏணி நகராட்சி ஆள் வந்தால்தான் வரும், ஆள் அதிகாரி சொன்னால்தான் வருவார் என்பதால் அதிகாரியும் வந்தார், ஏணி மட்டும் வேறு தெருவில் இருந்தது. வரும்வரை உள்ளே உட்காருங்கள் என்றேன். உச்சி வெயில். இரண்டு பேரும் சரியாக வயிற்றுக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்தார்கள். அப்போது கரண்ட் போனது. நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று தாங்கள் நினைப்பீர்கள். கரண்ட் என் பேச்சைக் கேட்கும் என்றால் தங்கள் தங்கை ஏன் போகிறாள்.

அதிகாரி கோப்பால் விசிறிக்கொண்டார். "படத்தை வெறும் கோட்டுல வரைஞ்சா என்ன?" என்றார்.

"மிருகம் மெலிஞ்சு மாடாயிடும் சார்."

"அப்ப வேற கூரை பாருங்க."

"உங்க ஆபீஸ் மாடி இருக்கே சார். பாலத்துக்கு இன்னும் கிட்ட. மிருகம் முழுசா ஒரே மாடியில படுக்கும்."

அதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எதுவா இருந்தாலும் சரி, முதல்ல வெளிய போலாம்" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

எங்கள் கூரை வெள்ளையானது. காண்டாமிருகம் நகராட்சி ஆபீஸ் மாடிக்குக் குடிபோனது. மிருகம் போன மறுவாரமே அதிகாரி கம்பெனியைக் கூப்பிட்டு, ஆபீஸைச் சுற்றி மரம் வைப்பது பற்றியும், இனிமேல் எந்தக் கூரையிலும் கறுப்புப் படம் கூடாது என்பது பற்றியும் புது ஒப்பந்தம் போட்டிருக்கிறார். பக்கத்துத் தெருக்களுக்கும் வெள்ளை அடிக்கிறார்கள். மரக்கன்றுக்கு அவரே தண்ணீர் ஊற்றுவதைத் தையல்காரர் பார்த்திருக்கிறார். இரண்டு பேர் சேர்ந்து நல்லது செய்வதாக இருந்தால், முதலில் வயிற்றுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

ஆகவே மச்சான், வீடு குளிர்ந்திருக்கிறது, குடத்துத் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது, நான் சமைப்பதை நானே சாப்பிட்டு இளைத்திருக்கிறேன். இதையெல்லாம் அவளிடம் எடுத்துச் சொல்லவும். நான் கெஞ்சியதாகச் சொல்ல வேண்டாம், தையல்காரர் கெஞ்சியதாகச் சொல்லலாம், அவர் சம்மதித்திருக்கிறார். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறுவர்களுக்கு என் ஆசி, தங்களுக்கு இரண்டில் எது பொருந்துமோ அது.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன் (கைநாட்டு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கள் தங்கை வாசலில் வந்து நிற்கிறாள். அவள் கிளம்பி வந்தது தங்களுக்கே தெரிந்திருக்கும், ஏன் என்று தெரியாமல் இருக்கலாம். பாலத்திலிருந்து யாரோ எங்கள் கூரையை எடுத்த பழைய போட்டோ தங்கள் மருமகள் போனுக்கு இன்றுதான் வந்ததாம். "பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த பட்டு. அதையா மிருகத்துக்குப் போத்தினீங்க?" என்பதுதான் வாசலிலேயே கேட்ட முதல் கேள்வி. கூரை எவ்வளவு வெள்ளை என்று அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் படுத்தவள், "என்ன வீடு இப்படிக் குளிருது, போர்வை எங்க?" என்கிறாள். ஆகவே மேலே கேட்ட எதையும் தாங்கள் செய்ய வேண்டியதில்லை. தையல்காரர் கைவலிக்க எழுதியதால்தான் அனுப்புகிறேன். என் குடையையும் அவளே கொண்டு வந்துவிட்டாள். ஒரு கம்பி வளைந்திருக்கிறது. நான் கொடுத்தபோது நேராக இருந்தது.