சஹானா பரிசீலனையில் இருக்கிறது

கர்நாடக சங்கீதம் இன்றைக்கும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதற்குக் காரணம் பாடுகிறவர்கள்தான் என்று ஊரில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அவர்கள் வருகிறார்கள், பாடுகிறார்கள், காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். சங்கீதத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது தென் கல்கத்தா கான ரசிக சமிதியின் ‘துண்டுச் சீட்டுப் பரிசீலனைக் குழு’. அதன் செயலாளர் சீதாராமன் என்கிற முறையில் இதைக் கொஞ்சமும் தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன்.

துண்டுச் சீட்டு என்றால் தெரியாதவர்களும் இருக்கலாம். கச்சேரியில் பெரிய பாட்டு முடிந்து, மிருதங்கக்காரர் தனி வாசித்து ஓய்ந்ததும், சின்னச் சின்ன உருப்படிகள் பாடும் நேரம் வரும். அப்போது ரசிகர்கள் கையில் கிடைத்த காகிதத்தைக் கிழித்து, வேண்டிய ராகத்தையோ பாட்டையோ எழுதி முன்னால் அனுப்புவார்கள். கை மாறிக் கை மாறி அது மேடைக்குப் போகும். பாடகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார், சிரிப்பார், பாடியும் விடுவார். விண்ணப்பம் கிடையாது, பரிந்துரை கிடையாது, மேலொப்பம் கிடையாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம்; கேட்டது அஞ்சே நிமிஷத்தில் கிடைத்தும் விடும். இப்படி ஒரு காட்டு தர்பார் படித்தவர்கள் நடுவிலேயே காலம் காலமாக நடந்திருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன் பாலிகஞ்சில் எங்கள் சமிதி நடத்திய ஒரு கச்சேரியில் பதினாலு சீட்டுகள் போயின. பாடகர் மூன்று பாடினார். பாக்கிப் பதினோரு பேரும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார்கள். ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. புகாரே வராத அளவுக்கு மக்கள் நொந்துபோயிருக்கிறார்கள் என்பதை எங்கள் தலைவர் மஹாதேவன் உடனே புரிந்துகொண்டார். வங்கி மேலாளராக இருந்தவர் அல்லவா. அவசரக் கூட்டம் கூட்டினார். கச்சேரியைவிட நாற்பது நிமிஷம் அதிகமாக நடந்த அந்தக் கூட்டத்தில் குழு பிறந்தது.

குழுவில் மூன்று பேர். மஹாதேவன் தலைவர், மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். அடுத்தது கிரிதர், ஒரு கம்பெனியில் தணிக்கை செய்கிறவர், எங்கே போனாலும் மணி பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். மூன்றாவது அடியேன். மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்புகளின் ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதியே ஓய்வு பெற்றவன். யாரும் வந்து பேசியதில்லை.

விதிகளை எழுதியது நான்தான். பாடலோ ராகமோ வேண்டுகிறவர் கச்சேரிக்கு இருபத்தொரு நாள் முன்பாக மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும். ராகம், தாளம், இயற்றியவர் ஆகிய கட்டங்களை நிரப்ப வேண்டும். ‘எதற்காகக் கேட்கிறீர்கள்?’ என்ற கட்டத்தில் ‘பக்தி’, ‘ஆராய்ச்சி’, ‘இதர’ என்று மூன்று வாய்ப்புகள் உண்டு. ‘இதர’ என்றால் தனித் தாளில் விளக்கம். இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். விதி ஒன்பதின்படி, குழுவினரின் உறவினர்கள் விண்ணப்பித்தால் ஏற்கப்படாது. விதி ஒன்பது–ஆ: தக்க காரணம் இருப்பின் செயலாளர் இதைத் தளர்த்தலாம். இந்த ஒன்பது–ஆவை எதற்காகச் சேர்த்தேன் என்று இப்போதுகூட எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

பலன் கைமேல். குழு அமைந்த பிறகு எங்கள் கச்சேரிகளில் சீட்டுத் தகராறு என்பதே இல்லை, சீட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் நாங்கள் ஏகமனதாக அனுமதித்த கோரிக்கை ஒன்றே ஒன்று: மங்களம். எப்படியும் கடைசியில் பாடத்தான் போகிறார்கள் என்பதால் அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. இதற்காக நாங்கள் செய்த தியாகத்தையும் சொல்ல வேண்டும். பெரிய பாட்டு நடக்கும்போதுதான் எங்கள் இறுதிக் கூட்டம், ஹாலின் கடைசி வரிசையில் நடக்கும். ஆகவே ஆறு வருஷமாக ஒரு பெரிய பாட்டைக்கூட நாங்கள் மூவரும் காதில் வாங்கியதில்லை.

இந்தப் பின்னணியில்தான் சென்ற மாதம் வித்யாலக்ஷ்மி அம்மாளின் கச்சேரி வந்தது. வயது எழுபது. முழங்கால் தேய்ந்துவிட்டதால் இனி வெளியூர்க் கச்சேரி இல்லை, கல்கத்தாவுக்கு இதுவே கடைசி என்று சொல்லியனுப்பியிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் மாடி ஹால், அறுபது நாற்காலி.

என் மனைவி வசுமதி அவருடைய ரசிகை. ரசிகை என்றால் சாதாரண ரசிகை இல்லை. அம்மாள் எந்த வருஷம் எந்த ஊரில் தொண்டை கட்டிக்கொண்டு பாடினார் என்பதுவரை சொல்லுவாள். அம்மாள் பாடும் சஹானா ராகம் என்றால் உயிர். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பாலிகஞ்சில், இதே அம்மாளின் கச்சேரியில், டிராம் டிக்கெட்டின் பின்னால் ‘சஹானா’ என்று எழுதி முன்னால் அனுப்பினாள். அந்த டிக்கெட் மேடைக்குப் போகும் வழியில் என் கைக்கு வந்தது. அப்போது அவள் யாரோ, நான் யாரோ. அடுத்தவர் சீட்டைப் படிப்பது இன்றைய விதிகளின்படி குற்றம். நான் படித்தேன். எழுதியது யார் என்று திரும்பியும் பார்த்தேன். அந்த ஒழுங்கீனத்தின் விளைவுகள் இன்றுவரை என் வீட்டில் தொடர்கின்றன. இரண்டு பெண்கள், ஒரு பேரன்.

கச்சேரி அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே வசுமதி பேச்சை எடுத்தாள்.

“ஏன்னா, அந்த மாமி இனிமே வரப்போறதில்லை. இந்தத் தடவை விட்டா அவா வாயால சஹானா கேக்கவே முடியாது. ஒரு சீட்டு அனுப்பட்டுமா?”

படிவம் இருக்கிறது என்றேன்.

அவள் கையை நீட்டி, “சரி, குடுங்கோ” என்றாள்.

குறை சொல்ல முடியாதபடி நிரப்பியிருந்தாள். மூன்று பிரதி, இரண்டு கையெழுத்து, இருபத்தொன்றுக்குப் பதில் இருபத்திரண்டு நாள். உறவு என்ற கட்டத்தில் ‘செயலாளரின் மனைவி’ என்று ஒளிக்காமல் எழுதியிருந்தாள். ‘இதர’வை டிக் செய்து, தனித் தாளில் ஒரே வரி விளக்கம்: ‘கேட்கணும்போல இருக்கு.’

கச்சேரியன்று மினி பஸ்ஸில் போனோம். அன்றைக்குச் சந்தன நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். டிக்கெட் இரண்டையும் அவள்தான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஹாலில் நாலாவது வரிசையில் உட்கார்ந்தாள். நான் கடமையை முன்னிட்டுக் கடைசி வரிசைக்குப் போனேன்.

அம்மாள் பெரிய பாட்டை எடுத்தார். நாங்கள் கோப்பை எடுத்தோம். அன்றைய விண்ணப்பம் ஒன்றே ஒன்று.

கிரிதர் தனித் தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “சார், இது காரணம் இல்லை. இது ஆசை.”

ஆசைக்குக் கட்டம் இல்லைதான். மஹாதேவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, விதி ஒன்பது–ஆ என்று ஒன்று இருக்கிறதே, செயலாளர் மனசு வைத்தால் ஆகும் என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நாலாவது வரிசையில் வசுமதி தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்; வளையல் அசைவது தெரிந்தது. அனுமதித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் நாளைக்கு ஒருவன் ‘பெண்டாட்டிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா’ என்று கேட்டால்? அப்படிக் கேட்கக்கூடியவர் அந்த அறுபது பேரில் ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம். நிர்வாகம் என்பது இல்லாத ஆளுக்குப் பதில் சொல்லத் தயாராக இருப்பது. நிராகரித்தால் மேல்முறையீடு வரும். ஆகவே பேனாவை எடுத்து, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பிரதியிலும்.

மிருதங்கம் ஓய்ந்தது. மணி எட்டு. ஹாலை எட்டரைக்கு விட வேண்டும். அம்மாள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முன்வரிசையை ஆவலோடு பார்த்தார்.

“சீட்டு ஏதாவது வந்திருக்கா?” என்று மைக்கிலேயே கேட்டார்.

மஹாதேவன் எழுந்துபோய் மைக்கை வாங்கி, வந்த கோரிக்கைகள் யாவும் தீவிரப் பரிசீலனையில் இருப்பதாகவும், இதற்கெனத் தனிக் குழு உள்ள ஒரே சபை இந்தியாவிலேயே எங்களுடையதுதான் என்று தாம் கருதுவதாகவும் தெரிவித்தார். கைதட்டினார்கள்.

“யாருக்கும் ஒண்ணும் வேண்டாமா? நான் கண்ணாடியெல்லாம் போட்டுண்டு உக்காந்திருக்கேனே” என்றார் அம்மாள்.

வசுமதி திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். நான் கோப்பைப் பார்த்தேன். அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். அனுமதிக்கப்பட்ட மங்களத்தைப் பாடினார். மிச்ச நேரம் முழுவதும் பாராட்டு விழாவுக்கு முறைப்படி ஒதுக்கப்பட்டிருந்தது.

பொன்னாடை, பூச்செண்டு, சந்தேஷ் இனிப்புப் பெட்டி எல்லாம் கொடுத்தோம். மஹாதேவன் குழுவின் ஆறாண்டு சாதனையை விவரிக்கத் தொடங்கினார். மேடையில் உட்கார்ந்து கால் மரத்துவிட்டது, வெளியே நாற்காலியில் இருக்கிறேன் என்று சொல்லி அம்மாள் எழுந்து போனார். மிருதங்கக்காரர் துணைக்குப் போனார். பாராட்டப்படுகிறவர் இல்லாமலேயே பாராட்டு செவ்வனே நடந்தது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் நாலாவது வரிசையிலும் ஒரு நாற்காலி காலி.

மஹாதேவன் மூன்றாம் ஆண்டை எட்டியபோது வாசல் பக்கத்திலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. சிலர் தலையைத் திருப்பினார்கள். இடைஞ்சலைக் கவனிக்கும்படி தலைவர் எனக்குக் கண் காட்டினார். ஏ.சி. ஓடும்போது கதவு மூடியிருக்க வேண்டும் என்பதும் விதி. நான் போனேன்.

மாடிப்படித் திருப்பத்தில், ஹாலைப் பார்த்துக்கொள்ளும் வங்காளி ரஞ்சன்–தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மைக் இல்லை, தம்புரா இல்லை. மிருதங்கக்காரர் தன் முழங்காலிலேயே தட்டிக்கொண்டிருந்தார். ரஞ்சன்–தா சாவிக்கொத்துச் சத்தம் போடாதபடி அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த ‘பௌதி’, அதாவது அவன் பாஷையில் அண்ணியான வசுமதி, ஒரு காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார் என்றும், அதைப் படித்ததும் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார் என்றும் அவன்தான் பிற்பாடு சொன்னான். அந்தக் காகிதம் அம்மாள் மடியில் கிடந்தது. நாங்கள் வந்த மினி பஸ் டிக்கெட். கிழிபடாமல் இரண்டும் சேர்ந்தபடி. அதில் ஒன்று என்னுடையது.

சஹானா. முறையான அனுமதி ஏதும் இன்றி.

கீழ்ப்படியில் பட்டுப்புடவை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் வசுமதி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

நான் கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்தபடி.

கூட்டம் அமைதியாயிற்று. தாழ்ப்பாளில் கை வைத்தபடி கதவோடு ஒட்டி நின்றேன். நல்ல கனமான பழைய காலத்துக் கதவு; காதை வைத்தால்தான் கேட்கும். மஹாதேவன் எனக்கு நன்றி சொல்லி முடித்து எல்லோரும் கைதட்டியபோது, யாருக்குத் தட்டுகிறார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வசுமதி ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். பள்ளிக்கூடம் தாண்டி நாலு நிறுத்தம் போன பிறகு, கோபமே இல்லாமல், “உங்களுக்கு இடம் விட்டேனே” என்றாள். அவ்வளவுதான்.

மறு வாரம் குழு கூடியது. மாடிப்படியில் அனுமதியற்ற ராகம் பாடப்பட்டதற்குக் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. எழுதியது நான்தான், நன்றாக வந்திருக்கிறது. பிறகு கிரிதர் நோட்டைப் புரட்டினார். செயலாளர் கதவைச் சாத்தியது எட்டு இருபது. இருக்கைக்குத் திரும்பியது எட்டு இருபத்தொன்பது. சாத்துவதற்கு ஒரு நொடி போதும் என்றிருக்க, மற்ற நேரத்துக்கு விளக்கம் வேண்டும் என்றார். நியாயமான தணிக்கைக் குறிப்பு. குழுவின் கடிதங்களை எல்லாம் செயலாளர்தான் அனுப்ப வேண்டும் என்பதால், கதவோடு நின்ற ஒன்பது நிமிஷத்துக்கு விளக்கம் கேட்டு எனக்கு நானே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். வசுமதிதான் கையெழுத்துப் போட்டு வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

முப்பது நாள் அவகாசம் நேற்றோடு முடிந்தது. பதில் வரவில்லை. வரப்போவதும் இல்லை. அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்; பெண்டாட்டி நகர்ந்து இடம் விட்டதைப் பார்த்த பிறகும் கதவைச் சாத்தியவன்.