மூன்று டேக், நாற்பத்தொரு முத்திரை

அரசு ஊழியர் எவரும் திரைப்படத்தில் நடிக்கவோ, அதை இயக்கவோ விரும்பினால் முன் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. அந்த ‘முன்’ என்ற சொல்லுக்கடியில் சிவப்புக் கோடு போட்டுப் பலருக்கும் காட்டியவன் நான். (எந்த அலுவலகத்தில் என்று சொல்வதற்கில்லை. ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது.)

என் கலைப் பயணத்தைச் சுருக்கிச் சொல்வதே நல்லது. விரித்தால் ஒன்றும் தேறாது. மேடையில், ஊழியர் சங்க ஆண்டு விழா நாடகங்களில் பதினோரு வருடம் நீதிபதி. கறுப்புக் கோட்டு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். திரையில், சின்னசேலம் ரயில் நிலையத்தில் எடுத்த ஒரு படத்தில் டிக்கெட் வாங்கும் முதுகு. அது என் முதுகுதான் என்று இன்றும் நம்புகிறவள் என் மனைவி மட்டுமே (அவளும் சட்டையை வைத்துத்தான்). இத்தனை அனுபவம் சேர்ந்த மனிதன் இயக்குநர் ஆகாமல் என்ன செய்வான்?

மலைக்கு வரும் நேர்மையான அதிகாரியைப் பற்றி ஒரு குறும்படம். கதை, வசனம், இயக்கம், அதிகாரி வேடம் எல்லாம் நானே. அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். ஆறு மாதம் பதில் இல்லை. மறுப்பு வராததே சம்மதம் என்று யார் வாதிட்டாலும் கிழித்துத் தொங்கவிட்டிருந்த நான், அதே வாதத்தை எனக்கு நானே சொல்லி, உடனே ஏற்றுக்கொண்டேன்.

காட்சிக்கு முத்திரை வேண்டும். போலி முத்திரை செய்வது குற்றம்; எனக்கா தெரியாது? ஆகவே சட்டத்துக்குப் பயந்து, அலுவலக முத்திரையையே பையில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலை ஏறினேன்.

மனு கொடுக்கும் பெண்ணாக நடிக்க வந்த ஆசிரியை, மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்து வேனிலேயே படுத்துவிட்டார். ஒளிப்பதிவாளர் செல்வம், கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுப்பவர். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மலைக் கிராமத்துப் பெண் ராஜம்மாளை அவர்தான் கூப்பிட்டார்.

“யக்கா, இவருகிட்ட ஒரு பேப்பர் குடுத்துட்டுப் போங்க.”

“இன்னா பேப்பரு?”

“எதுனா ஒண்ணு.”

வீட்டுக்குப் போய் எடுத்து வந்து நீட்டினாள். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு எழுதிய நிஜ மனு.

“வெள்ளிக்கெழம குடுக்கலன்னா காலேஜுல சீட்டு இல்லன்ட்டாங்க சார். நாலு மாசமா அலைஞ்சிக்கினு இருக்கேன்.”

“டயலாக் சூப்பர் சார், நீங்க எழுதுனதா?” என்றார் செல்வம். (எனக்கு இப்படி ஒரு வசனம் வந்ததே இல்லை.)

நடிகனாக இருந்தால் அந்த இடத்தில் நடித்திருப்பான். நான் முப்பது வருடக் குமாஸ்தா பழக்கத்தில் மனுவை முழுதாகப் படித்தேன், விடுபட்ட கதவு எண்ணைக் கேட்டு எழுதினேன், தேதியிட்டேன், முத்திரை குத்தினேன், நகலிலும் குத்தி அவள் கையில் கொடுத்தேன். செல்வம் பழக்கதோஷத்தில், “எல்லாரும் கேமராவப் பாருங்க, சிரிங்க” என்றதால் இரண்டாவது டேக். அதற்குப் பக்கத்து வீட்டு மனு வந்தது. மூன்றாவது டேக்குக்கு வரிசையே நின்றது. அத்துடன் கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

“சார், கேமரா ஆஃபு சார்.”

“தெரியுது. அடுத்தவங்க வாங்க,” என்றேன்.

மாலைக்குள் நாற்பத்தொரு மனு.

மறுநாள் காலை, நான் போவதற்கு முன்பே ராஜம்மாள் அலுவலகத்தில் நின்றாள். அவளுடைய நகல் எங்கள் அதிகாரி மேடத்தின் மேசையில் இருந்தது.

“என்ன சார் இது? ஞாயித்துக்கிழமை தேதியில நம்ம சீலு?”

“ஒரு சினிமாவுக்காக, மேடம்.”

“அப்ப இது செல்லாதுன்னு அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

திரும்பிப் பார்த்தேன். ராஜம்மாள் என்னை அதிகாரி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். நாடகம் என்று சொன்னால் நான் தப்பிப்பேன், வெள்ளிக்கிழமையோடு அவள் மகளின் காலேஜ் சீட்டு போய்விடும். வேறு வழியில்லாமல் விதியைச் சொன்னேன்.

“சீல் அசல்தான் மேடம். முத்திரை போட்டு வாங்குன மனுவைப் பதிவு செஞ்சே ஆகணும்.”

“அப்ப உங்களுக்கு மெமோ குடுத்தே ஆகணும்.”

“ஆமாம் மேடம். அதுவும் விதிதான்.”

மெமோ தயாரிக்கும் பிரிவு என்னுடையது. ஆகவே எனக்கான மெமோவை நானே எழுதினேன். குற்றச்சாட்டுகள் கோர்வையாக இருப்பதாக மேடம் பாராட்டினார். அதற்கு விளக்கம் எழுதியதும் நான். ‘விளக்கம் திருப்திகரமாக இல்லை’ என்று அந்த விளக்கத்தின் மேல் குறிப்பு எழுதியதும் நான். (உண்மையிலேயே திருப்திகரமாக இல்லை.) ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போயிற்று. மற்ற நாற்பது மனுக்களையும் பதிவு செய்யும் வேலையையும் என் தலையிலேயே கட்டினார்கள்.

ராஜம்மாள் மகளின் சான்றிதழ் விசாரணை முடிந்து வியாழக்கிழமை மாலை கைக்குக் கிடைத்தது.

படம் மொத்தம் நான்கு நிமிடம். செல்வம் அதற்கு நாதசுரம் சேர்த்து, முகப்பில் குத்துவிளக்கு வைத்துக் கொடுத்தார். அதில் அதிகாரி, மனுதாரர், வரிசை எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறோம். இன்றும் மளிகைச் சீட்டை நீட்டும்போது என் மனைவி, “வாங்கியாந்தா போதும், சீலு வேணாம்” என்கிறாள். பேரப்பிள்ளைகள் பள்ளி மதிப்பெண் அட்டையை என்னிடம் காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

நான் கேட்ட அனுமதியும் வராமல் இல்லை. ‘அலுவலகப் பொருள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையுடன் முன் அனுமதி வழங்கப்படுகிறது’ என்று ஒரே வரி. நான் பணி ஓய்வு பெற்றது மாதக் கடைசி நாள் பிற்பகல். கடிதம் வந்தது மறுநாள் முற்பகல்.