கட்டைவிரல் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது

மயிலாப்பூர்
புதன்கிழமை காலை

மரியாதைக்குரிய சம்பந்தி ஜனாப் அப்துல் கய்யூம் அவர்களுக்கு,

டெய்லர் கரீமுல்லா அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் இங்கே நான், வீட்டுக்காரி வஜீஹா, மகள் சிம்ரா, மகன் ஃபராஸ் எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆதம்பாக்கத்தில் தாங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துவா செய்கிறேன். 'சம்பந்தி' என்று போடலாமா, இல்லை 'ஐயா' என்று போட்டு நிறுத்திக்கொள்ளலாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன். நிச்சயம் முடிந்த வீடுதானே என்று தைரியமாகப் போட்டுவிட்டேன். பிடிக்காவிட்டால் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மேலே படியுங்கள்.

எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு சரி. கடிதம் எழுதி இருபது வருடம் ஆகிறது. ஆனால் போன வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு போன் செய்து நிக்காஹ் தேதி சொல்கிறேன் என்றீர்கள், போன் வரவில்லை. நான் செய்தால் எடுப்பதில்லை. குடும்ப குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள். நேரில் வரலாம் என்று இரண்டு முறை சட்டை மாற்றினேன், இரண்டு முறையும் வாசலோடு திரும்பிவிட்டேன், கதவு திறந்து 'வாங்க' என்று சொல்லாமல் விட்டால் திரும்பி எப்படி நடப்பது என்று. மண்டபத்துக்காரர் தேதி கேட்கிறார், நான் நேற்று ஒரு குர்தாவுக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். என் நிலைமை அப்படி இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். மாப்பிள்ளை ஹம்மாத் தம்பி அமெரிக்காவிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவார் இல்லையா, அவர் 'நல்லா கீறீங்களா மாமா' என்பார், நான் 'நல்லா கீறேன் தம்பி' என்பேன், அதற்குப் பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற மாதிரி. இதைப் பார்த்து ஃபராஸ்தான் சொன்னான், மாப்பிள்ளைக்கு அந்த ஊர் ஃபுட்பால் என்றால் உயிர், அதைக் கற்றுக்கொண்டால் பேச்சுக்குப் பஞ்சம் வராது என்று. சரி என்று உட்கார்ந்தேன். ஃபுட்பால் என்று பெயர், பந்தைக் கையில்தான் வைத்திருக்கிறார்கள். பந்தும் உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் கூர் சீவிய தேங்காய் மாதிரி. மூன்று விநாடி ஓடுகிறார்கள், முப்பது விநாடி கூடிப் பேசுகிறார்கள். எனக்கு முதலில் பிடித்தது ரெஃப்ரிகளின் சட்டைதான். கறுப்பு வெள்ளைப் பட்டை, முதுகுத் தையலில் பட்டையோடு பட்டை பிசகாமல் சேர்ந்திருந்தது. அவர்கள் தப்பைக் கண்டால் மஞ்சள் துணி ஒன்றைத் தரையில் வீசுகிறார்கள். கைக்குட்டை விழுந்துவிட்டது, யாராவது எடுத்துக் கொடுங்கள் என்று நான் டிவியைப் பார்த்துச் சொன்னதை ஃபராஸ் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அணிகளின் பெயர் என் வாயில் நுழையவில்லை. அதனால் மாப்பிள்ளை அணி நீலச்சட்டை, மற்றவர்கள் எதிர்ச்சட்டை, அவ்வளவுதான் எனக்கு.

இரண்டு மாதத்தில் நான் தேறிவிட்டேன். குரூப்பில் நாம் எல்லோரும் பேசிக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். நீலச்சட்டை வரிசையாக நாலு ஆட்டம் தோற்றபோது நீங்கள் பந்து எறிகிறவரைத் திட்டினீர்கள், மாப்பிள்ளை கோச்சைத் திட்டினார், நான் மட்டும், பந்து பிடிக்கிறவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார்களா என்று கேட்டேன். அதற்கு நீங்கள் சிரிக்கிற பொம்மை அனுப்பினீர்கள். நல்ல காலம் அது.

இங்கே பேனாவை வைத்துவிட்டு ஒரு தடவை போனைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். அங்கே ஞாயிறு ராத்திரி ஆட்டம், நமக்குத் திங்கள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால். சேர்ந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டவன் நான். வேளச்சேரியில் பறக்கும் ரயில் பிடித்து ஆறரைக்கே வந்துவிட்டீர்கள். வஜீஹா இடியாப்பமும் பாயாவும் செய்திருந்தாள். ஒன்பதே முக்கால் வரை சம்பந்தி வீடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே சொல்லும்படிதான் இருந்தோம். கடைசிப் பத்து விநாடி. நீலச்சட்டை நாலு புள்ளி பின்னால். பந்து மூலைக்குப் பறந்தது, நம் ஆள் எகிறிப் பிடித்தான், விழுந்தான், ரெஃப்ரி இரண்டு கையையும் தூக்கினார், நீங்கள் எழுந்து என்னைக் கட்டிப் பிடித்தீர்கள், என் மூக்குக்கண்ணாடி பாயாவில் விழுந்தது, அதற்கும் சேர்த்துச் சிரித்தோம். பிறகு பாழாய்ப்போன அந்த ரெஃப்ரிகள் டிவியில் திரும்பப் பார்க்கிறோம் என்றார்கள். நாலு நிமிடம் பார்த்துவிட்டு, பிடித்தவனின் வலது கால் கட்டைவிரல் வெள்ளைக் கோட்டில் பட்டுவிட்டது, கோட்டில் பட்டால் வெளியே என்று அர்த்தம், ஆகவே செல்லாது என்றார்கள். நீலச்சட்டை தோற்றது.

நீங்கள் அநியாயம் என்றீர்கள். எங்கேயோ ரூமில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு எழுதுகிறார்கள் என்றீர்கள். ஆமாம் பாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியிருப்பேன். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஃபராஸை அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னேன். கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது, அது எப்போதும் தொங்குகிறதுதான், குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். டிவியில் டேப்பை வைத்தேன். ஷூ இரண்டேகால் இஞ்சு. மார்க்கிங் சாக்பீஸால் கோட்டின் மேல் ஒரு கோடு போட்டேன். கட்டைவிரல் கால் இஞ்சு வெளியே. அதை அப்படியே உங்களிடம் சொல்லவும் சொன்னேன்.

நீங்கள் அப்போதும் நிதானமாகத்தான் பேசினீர்கள். "பாய், கிண்டி எஸ்டேட்ல முப்பது வருசம் மைக்ரோமீட்டர் புடிச்ச கை இது. நான் பாஸ் பண்ண சாமான் ஒண்ணுகூட திரும்பி வந்தது கெடையாது. டிவில டேப் வச்சு அளக்குறதெல்லாம் ஒரு அளவா? டெய்லருங்க அளவு, தேவைப்பட்டா புடிச்சுக்குவீங்க, இல்லாங்காட்டி விட்டுடுவீங்க."

என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். தொழிலைச் சொன்னதும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. உங்கள் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தாலும் அந்த விரல் வெளியேதான் பாய் என்றேன். வஜீஹா சமையலறையிலிருந்து கண்ணைக் காட்டினாள், நான் டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "என் புள்ள டீமு தோக்கணும்னு காத்துக்கினு இருந்தீங்களா பாய்?" என்று கேட்டீர்கள். என் செருப்பில் ஒன்றையும் உங்கள் செருப்பில் ஒன்றையும் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனீர்கள். கூப்பிட்டுச் சொல்லவும் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய மடத்தனம். டேப்போடு ஃபராஸ் எடுத்த போட்டோவைக் குரூப்பில் போட்டேன். சண்டைக்காக இல்லை, போட்டோவைப் பார்த்தால் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தேன். வஜீஹா தலையில் அடித்துக்கொண்டாள். "அவருகிட்ட சம்பந்தம் பண்றீங்களா, கேஸ் நடத்துறீங்களா?" என்றாள். ஐந்து நிமிடத்தில் குரூப்பில் உங்கள் பெயர் இல்லை. பதறிப்போய் உடனே உங்களுக்குத் தனியாக ஒரு வாய்ஸ் அனுப்பினேன்: அந்த அம்பயர் கண் தெரியாதவன், எதையோ வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறான், அவனை இனி யாரும் மதிக்கக்கூடாது என்று. அவசரத்தில் அது எங்கள் தெரு குரூப்புக்குப் போய்விட்டது. முந்தின நாள்தான் தெருப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு எதிர்வீட்டு அனந்தராமன் சார் அம்பயராக நின்று ஒரு ரன் அவுட் கொடுத்திருந்தார். ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். மத்தியானம் நான் ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது கடை வாசலில் வந்து நின்றார். "கரீமுல்லா, நான் ஒரு காபிதான் குடிச்சேன். அதுவும் ரெண்டு டீமும் சேர்ந்துண்டுதான் வாங்கிக் கொடுத்தா" என்றார். அவரை உட்கார வைத்து அமெரிக்க ஃபுட்பால் முழுவதையும் விளக்கிச் சமாதானம் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. போகும்போது, படத்தைக் காட்டு என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

மறுபடி போனைப் பார்த்தேன். மின்சார வாரியம்தான் மெசேஜ் அனுப்பியிருந்தது.

சம்பந்தி அவர்களே, ஒன்பது நாளாக அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் டிவி பழசு, ஓரமாகப் பார்த்தால் கோடு தடித்துத் தெரிகிறது. டேப்பும் பழசு, இழுத்து இழுத்து நீண்டிருக்கிறது. அன்று கண்ணாடியில் பாயா வேறு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் எனக்கு இப்போது ஒரு சந்தேகமும் இல்லை. கட்டைவிரல் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. ரெஃப்ரி செய்தது பச்சை அநியாயம். நீலச்சட்டைதான் ஜெயித்தது. முப்பது வருடம் பரிசோதனை செய்த உங்கள் கண் பார்த்ததே சரி, என் அளவு தப்பு. இதை எந்தப் பள்ளிவாசலில் வேண்டுமானாலும் நாலு பேர் முன்னால் நின்று சொல்லத் தயார். கோபத்தை விட்டு ஒரு தேதி மட்டும் சொல்லுங்கள். என் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும், சின்னவர்களுக்கு என் துவாவும். எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும், எனக்குக் கொஞ்சம் வாய்க்கட்டுப்பாட்டையும் இறைவன் தருவானாக.

இப்படிக்குத் தங்கள் அன்பையும் மன்னிப்பையும் வேண்டும்
மு. கரீமுல்லா

பின்குறிப்பு: உறையில் போடும் முன்னால் பிழை பார்க்கச் சொல்லி சிம்ராவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். பிழை ஒன்றும் திருத்தவில்லை. "அத்தா, விரல் வெளிய இருந்துச்சா, இல்லியா?" என்று கேட்டாள். இருந்துச்சும்மா என்றேன். "அப்ப இன்னாத்துக்கு உள்ளன்னு எழுதிக்கினு கீறீங்க? இப்ப ஒரு விரலுக்குப் பொய் சொல்லி என்னை அனுப்பிட்டீங்கன்னா, அந்த வூட்டுல நான் தெனம் ஒண்ணு சொல்லணும்."

சொல்லிவிட்டு என் எதிரிலேயே ஹம்மாத் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி சொன்னதை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "மாமா, அது வெளியதான். அன்னிக்கே அத்தாகிட்ட சொல்லிட்டேன். அதுலேர்ந்து என்கிட்டயும் பேச மாட்றாரு. நான் நீங்க பேசி சரி பண்ணுவீங்கன்னு பாத்துக்கினு கீறேன்."

ஆகவே மேலே எழுதிய மன்னிப்பில் விரலைப் பற்றியது முழுவதும் ரத்து. விரல் வெளியேதான். அன்று உங்கள் மனம் நோகப் பேசியதற்கு மட்டும் மன்னியுங்கள், அது நிஜம். இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன், சிம்ரா விடவில்லை. மாமா இதையே படிக்கட்டும், அவர் ஒரு கோபத்துக்கு எங்க அத்தா எத்தனை பொய் எழுத வேண்டியிருக்குன்னு தெரியட்டும் என்கிறாள்.

எனக்குத் தேதியை அப்புறம் சொல்லலாம். முதலில் உங்கள் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே விடிந்துவிடும்.