இருமல் கைவிட்ட ஞாயிறு

வெனிஸ், தவக்காலத்து மூன்றாம் திங்கட்கிழமை, 1731

பஸ்ஸானோ நகரில் சகல சௌக்கியத்துடன் வாழும் மதிப்பிற்குரிய மைத்துனர் அன்சோலோ அவர்களுக்கு, பொர்த்தோலோ வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மூட்டுவலியும் நலம். தங்கள் நலமும், அக்கா லுக்ரேசியாவின் நலமும், தங்கள் பட்டுப்புழுக்களின் நலமும் அறிய ஆவல்.

தங்கள் கட்டளை கிடைத்தது. அனாதை இல்லத்து இசைக்கூடத்தில் கட்டணம் கட்டிப் படிக்கும் தங்கள் மகள் ஓர்செத்தாவின் வயலினை நான் நேரில் கேட்க வேண்டும். ஊர் மெச்சினால் அவள் இங்கேயே இருக்கட்டும், மெச்சாவிட்டால் சனிக்கிழமை அனுப்பிவிடு, பாலாடைக்கட்டிக்காரர் மகனுக்குக் கட்டிவைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தேவாலயத்தில் கை தட்டுவது பெருங்குற்றம் என்பதால் இங்கே பாட்டு பிடித்தால் இருமுவோம், மூக்குச் சிந்துவோம், காலைத் தரையில் தேய்ப்போம். நானோ முப்பது வருஷம் பொய்முடிக்குப் பூசும் மாவு அரைத்தவன். அந்த மாவு நெஞ்சிலேயே தங்கி, எதைக் கேட்டாலும் எனக்கு இருமல் வரும். அதை வைத்து என்னைப் பெரிய ரசிகன் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. நான் இருமினால் என் வரிசை இருமும், என் வரிசை இருமினால் பிரபுக்கள் வரிசையும் இருமும். உண்மையில் எனக்கு இந்தக் காலத்துச் சங்கீதமே ஆகாது. அந்த நாளில் நாலு குரல் சேர்ந்து நிதானமாக நடக்கும். இப்போது ஒரே ஒரு வயலின் முன்னால் குதிக்கிறது, மற்றதெல்லாம் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறது. அதனால் 'பெண்ணை அனுப்புகிறேன்' என்று வீட்டிலேயே பாதிக் கடிதம் எழுதி வைத்துவிட்டுத்தான் நேற்று மாலை வழிபாட்டுக்குப் போனேன்.

பெண்கள் மாடத்தில் கம்பித் தட்டிக்குப் பின்னால் இருப்பார்கள், முகம் தெரியாது. மூன்றாவதாக ஓர்செத்தா என்று அச்சடித்த தாளில் இருந்தது. முதல் இரண்டுக்கும் வழக்கம்போல இருமித் தள்ளினேன். மூன்றாவது வேகமாய்த்தான் தொடங்கியது, நானும் உதட்டைப் பிதுக்கினேன். நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் நின்றுபோச்சு மச்சான். அந்த ஒற்றை வயலின் மட்டும் ஒவ்வொரு சுரமாகப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அவசரமே இல்லாமல், மேலே மேலே போச்சு. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலை. மூச்சு விடவே பயமாயிருந்தது. இத்தனை வருஷமா நான் பாட்டே கேட்டதில்லை, இருமிக்கிட்டுதான் இருந்திருக்கேன்னு அப்பதான் புரிஞ்சுது. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

வாசித்து முடிந்தது. தேவாலயமே நிசப்தம். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். முன்வரிசை விதவை காத்தினா அம்மாள் திரும்பினாள்.

"என்ன பொர்த்தோலோ, இருமலையே காணோம்? பிடிக்கலியா?"

"வரமாட்டேங்குதும்மா!"

"வருஷம் பூரா என் பிடரியிலதானே இருமுறே, இப்ப என்ன வந்துச்சு? அந்தப் பிரபுவே உன் வாயைத்தான் பார்க்கிறாரு. சீக்கிரம் இருமித் தொலை!"

நெஞ்சில் குத்திக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன், காற்றுதான் வந்தது. மூக்குப்பொடியை இரண்டு நாசியிலும் ஏற்றினேன், தும்மல்கூட இல்லை. இந்த ஊமைத்தனத்தால் ஒரு பெண்ணின் தலையெழுத்தே மாறப்போகுதே என்று பதறி எழுந்தேன். இரண்டு கையும் சேர்த்துப் படார் படாரென்று தட்டிவிட்டேன் மச்சான்!

"அட பாவி மனுஷா, தேவாலயத்துலயா!" என்று அலறிய காத்தினா அம்மாள், அலறி முடித்ததும் தானே இருமத் தொடங்கினாள். காவலர் இருவர் என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வெளியே கால்வாய்க் கரையில் விட்டார்கள். உள்ளே ஒரே இருமல், மூக்குச் சிந்தல், கால் தேய்ப்பு. "உள்ளே என்ன பெரியவரே, கொள்ளை நோயா?" என்று படகுக்காரன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போனான். எனக்கு அப்போதுதான் இருமல் வந்தது.

ஒரு வருஷத்துக்கு நான் அந்தப் படி ஏறக்கூடாதாம். போகட்டும். ஊர் மெச்சிவிட்டது, ஓர்செத்தா இங்கேயே இருப்பாள். பாலாடைக்கட்டிக்காரரை வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.

புனித மாற்கு தங்கள் குடும்பத்தையும் புழுக்களையும் காக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
பொர்த்தோலோ

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்முன் ஓர்செத்தாவைப் பார்த்து வாழ்த்தச் சந்திப்பு அறைக்குப் போனேன். "மாமா, யாரு உங்களைக் கை தட்டச் சொன்னா? எனக்குப் பயம் வந்துடுச்சு, வயலினையும் வில்லையும் பெல்லெக்ரினாகிட்ட குடுத்துட்டேன். நான் ஆர்கனுக்குத் துருத்திதான் மிதிச்சேன். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, அந்தப் பாலாடைக்கட்டி வீட்டுப் பையனை எனக்குப் பிடிச்சிருக்கு" என்கிறாள்! ஆகவே சனிக்கிழமை மெஸ்த்ரே படகுத்துறைக்கு வண்டி அனுப்புங்கள், கல்யாணத்துக்கு நாள் பாருங்கள். பெல்லெக்ரினா யார் என்று கேட்டேன். கைக்குழந்தையாக இல்லத்துச் சுவர்ப் பொந்தில் யாரோ விட்டுப்போனவளாம். மேலே எழுதியதில் ஒன்றும் இனி உங்களுக்கு உதவாதுதான், ஆனாலும் கிழித்துவிடாதீர்கள் மச்சான். அந்தப் பெண் நன்றாக வாசித்தாள் என்று எழுதிப்போட அவளுக்கென்று ஒரு வீடு இல்லை.