ராஜாவுக்கு ஒரு பொன்னாடை

மில்லிக்கன்,
ஞாயிறு இரவு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கஜனி மாமிக்கு,

உங்கள் மருமகள் துர்க்கா வணக்கத்துடன் எழுதுவது. அஜக்ஸில் நீங்களும் மாமாவும் தனுஷிகா மச்சாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதவேண்டும் எனத் தமிழ்ப் பள்ளி ரீச்சர் சொல்லித் தந்திருக்கிறார். எழுதமாட்டேன். நான் சுகமாக இல்லை.

போர்வைக்குள் ரோர்ச் லைற் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் அனுப்பினால் அம்மா வாசித்துவிடுவா. அதனால் இது, நாங்கள் திருப்பித் தரவேண்டிய உங்கள் இடியப்பப் பெட்டிக்குள் வரும். நாளைக்கு அப்பாவே கொண்டுவந்து தருவார். இந்த உலகத்தில் அவர் பயப்படுவது தன் அக்காவான உங்களுக்கு மட்டும்தான். தயவுசெய்து அவரை நிறுத்துங்கள்.

ஒவ்வொரு செப்ரெம்பரும் நாங்கள் றெனசான்ஸ் திருவிழாவுக்குப் போவது உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு பெரிய வயலில் வெள்ளைக்காரர் பழைய காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு குதிரையில் ஈட்டிச் சண்டை பிடிப்பார்கள். ஒருவர் கிரீடம் வைத்து ராஜாவாக மேடையில் இருப்பார். மற்றக் குடும்பங்கள் வான்கோழிக் காலைக் கடித்துக்கொண்டு பார்க்கும். நாங்கள் கூலரில் புளிச்சாதமும் கட்லற்றும் கொண்டுபோவோம். அம்மா கூறைச்சேலை கட்டிக்கொண்டு, "அவையளின்ர ராணியை விட என்ர சரிகை திறம்" என்பா. இவ்வளவையும் நான் பொறுத்தேன். இந்த வருடம், இன்றைக்கு, அப்பா ஒரு பையோடு வந்தார். உள்ளே ஊர்ச் சங்க ஆண்டுவிழாவில் மிஞ்சிய பொன்னாடை.

"அப்பா, உது என்னத்துக்கு?"

"பிள்ளை, இவ்வளவு வருசமா அந்த மனிசன் வெயிலுக்குள்ள இருந்து விழாவுக்குத் தலைமை தாங்குது. ஒருத்தராவது ஒரு பொன்னாடை போர்த்தினவையே? நன்றி கெட்ட சனம்."

சண்டை முடிந்ததும் அப்பா கயிற்றைத் தாண்டி மேடையில் ஏறினார், காவல் நின்ற வீரர்கள் இரண்டு பேர் ஈட்டியைக் குறுக்கே பிடித்தார்கள், அப்பா அவர்களைச் சங்கத் தொண்டர்கள் என்று நினைத்து "தம்பிமார், கொஞ்சம் விலத்துங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, ஒருவரிடம் பையைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு ராஜாவுக்குப் போர்த்தினார், படத்துக்காக அவரைத் தோளில் பிடித்துத் திருப்பினார், அம்மா கீழே நின்று "கிரீடம் சரிஞ்சு போச்சு, திரும்பப் போர்த்துங்கோ" என்று கத்த, கழற்றி மறுபடியும் போர்த்தினார், சனமெல்லாம் இதுவும் நாடகத்தில் ஒரு காட்சி என்று நினைத்துக் கைதட்டியது. கைதட்டல் கேட்டால் அப்பா மைக் தேடுவார். அங்கே மைக் இல்லை. தொண்டை இருந்தது. அடுத்த ஞாயிறு, விழாவின் கடைசி நாள், தன் மகள் ராஜாவுக்கு வரவேற்பு நடனம் ஆடுவாள் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். ராஜா எழுந்து செங்கோலை உயர்த்தி, "அப்படியே ஆகட்டும்" என்றார்.

கடைசி நாளில் யாராவது வரவேற்பார்களா மாமி?

என் வகுப்பு ஸ்ரீநிதி அங்கே எலுமிச்சைச் சாறு விற்கிறாள். அவள் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்ததைக் கண்டேன். அடுத்த ஞாயிறு நான் ஆடினால் திங்கட்கிழமை பள்ளிக்கூடமே அதைத்தான் பார்க்கும். இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆடமாட்டேன். சலங்கை கட்டமாட்டேன். தூக்கிக் காரில் ஏற்றினாலும் வயலில் போய் சீற் பெல்ற்றைக் கழற்றமாட்டேன். எல்லாச் சபையிலும் முன்னுக்குக் கொண்டுபோய் வைக்க நான் என்ன நிறைகுடமா?

நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும். மாமாவுக்கும் மச்சாளுக்கும் என் அன்பு. உங்கள் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
கொஞ்சமும் அசையாத மருமகள்
துர்க்கா

பி.கு.: அப்பா வந்துவிட்டார். போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்ததாம். கடிதத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஆடமாட்டன்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அப்பா அறை லைற்றைப் போட்டார்.

"சரி பிள்ளை, விருப்பமில்லாட்டி விடு. ஆனா சபையில சொன்ன சொல்லை விடேலாது. நான் பாடுறன்."

அப்பா பாடி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே ஆடுகிறேன். ஆனால் வரவேற்பு இல்லை, மகிடாசுர வதம். அசுரனாக அப்பாதான் ராஜாவுக்கு முன்னால் விழுந்து கிடக்கவேண்டும், நெஞ்சில் கால் வைப்பேன் என்றேன். பயந்து பின்வாங்குவார் என்று நினைத்தேன். "கொம்பு வேணுமே?" என்று கேட்டுவிட்டு, தலைக்கு அளவெடுக்க நாடா தேடிப் போய்விட்டார்.

அவரை நிறுத்தவேண்டாம். தனுஷிகா மச்சாளின் சலங்கையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். என்னுடையதில் சத்தம் காணாது.